அழித்துவிட்டு எழுந்திரு

இன்று காலை நூலகத்தைத் திறந்து மூன்றாவது கணினியின் மேலிருந்த தோல் உறையை எடுத்தபோது அதே வாசனை வந்தது. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் வருமே, அந்த வாசனை. மற்ற பள்ளிகளில் கணினிக்கு பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். இந்த ஆம்பூரிலேயே நம் பள்ளியில் மட்டும்தான் ஆட்டுத்தோல் உறை. ஷூவுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற லைனிங் தோலில் கழித்துப் போட்டதை ஒரு பிள்ளையின் அம்மாவிடம் சொல்லி வாங்கி, அவரையே தைத்தும் தரச் சொன்னவள் நீ. உறையை மடித்து மேசைமேல் வைத்தேன். நேற்று மதியம் தொடங்கிய பயம் இன்னும் நிற்கவில்லை. இதை யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் சொன்னால் உனக்கு எதற்கு இந்த வேலையெல்லாம் என்பார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கணினி டீச்சர் கணினிக்குப் பயப்படுவாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மேகம் கொஞ்சம் கறுத்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் ஸ்டாஃப் ரூமிலிருந்து எழுந்து ஓடி வந்து ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் போடுவாய். கணினிகளின் கேமராத் துளை மேலெல்லாம் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி ஒட்டியிருந்தாய். உன் போனில் உன் படம்கூடக் கிடையாது. நான் உன்னை விடாமல் கிண்டல் செய்வேன். பேய்க்குப் பயப்படுகிறவள்கூட இந்த அளவுக்குப் பயப்பட மாட்டாள் என்பேன்.

"பேய் இன்னாடி, ராத்திரி வந்துட்டு காலைல பூடும்" என்றாய் ஒரு நாள். "இது எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிக்கும்."

உன் பயத்தில் சிரிப்பும் உண்டு. தோல் உறை போட்ட முதல் மழைக்காலத்தில் உறைகளுக்கெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. தூசியை நினைத்துப் பயந்த நீ ஈரத்தை மறந்துவிட்டாய். தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். நீயும் நானும் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தோம். அந்த வாரம் முழுக்க நூலகத்துக்கு வந்த பிள்ளைகள், தலைக்கு எண்ணெய் வைத்தது நாங்களா, கம்ப்யூட்டரா மிஸ் என்று கேட்டார்கள்.

ஆனால் உன் பெரிய பயம் இடி மின்னலோ தூசியோ இல்லை. அது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நூலகத்துக்குக் கணினி வந்த முதல் வருடம் அது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தேடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தன் உடம்பைப் பற்றி வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத ஒரு சந்தேகத்தை அதில் கேட்டுவிட்டு எழுந்து போனாள். அடுத்து உட்கார்ந்தவள் வேறு எதையோ தேடுவதற்கு முதல் எழுத்தை அடித்தாள். அதே எழுத்தில் தொடங்கிய முந்தைய கேள்வியை இயந்திரம் தானாகவே முழுசாக எடுத்துக் காட்டிவிட்டது. அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். மதிய மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. கேட்ட பிள்ளை மறுநாள் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. நீதான் வீட்டைத் தேடிப் போய் அவள் அம்மாவிடம் என்னென்னவோ சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாய். வழியெல்லாம் மிஸ்ஸுக்குக் கண் கலங்கியே இருந்தது என்று அவள்தான் பிறகு என்னிடம் சொன்னாள்.

அதிலிருந்து நூலகத்தில் உன் சட்டம் நடந்தது. தேடியதை அழி, அப்புறம் எழுந்திரு, நாற்காலியை உள்ளே தள்ளு. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிற மாதிரி அது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. "என்கிட்ட கேக்க முடியாதத அதுகிட்ட கேளுங்க. ஆனா கேட்டத அங்கியே விட்டுட்டு வராதீங்க" என்று ஒவ்வொரு புது வகுப்புக்கும் சொல்வாய். அவர்கள் அழித்த பிறகும் உனக்கு நம்பிக்கை வராது. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து மறுபடியும் பார்ப்பாய். நான் சாவிக்கொத்தோடு வாசலில் நின்று, உன் வேலூர் பஸ் போய்விடும் என்று முணுமுணுப்பேன். நீ அசையமாட்டாய். உறையைப் போட்டு மூடிய பிறகுதான் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வரும்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் அழிக்காமல் போனாய்.

மறுநாள் நீ லீவு. மழைநீர் சேமிப்பைப் பற்றி ஒரு வகுப்புக்குப் படம் வேண்டியிருந்தது. வழக்கம்போல மூன்றாவது கணினியில் உட்கார்ந்து 'ம' என்று அடித்தேன். மார்பில் கட்டி வலிக்காமல் இருந்தால் என்ன என்று அது எழுதிக் காட்டியது. யாரோ ஒரு பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நினைவு வந்தது. முந்தின நாள் மதியத்துக்குமேல் பிள்ளைகள் எல்லாரும் விளையாட்டு விழா ஒத்திகைக்குப் போயிருந்தார்கள். அந்த நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்திருந்தது நீ. நூலகத்தில் வேறு யாருமே இல்லை. அந்த எழுத்துகளும் நானும்தான். முதல் வேலையாக அதை அழித்தேன். அழித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் கேட்டதற்கு, "மறந்துட்டேன்டி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்புறம் ஆஸ்பத்திரி, பரிசோதனை, ஊசி, மருந்து. வேலூரில் உன் சத்துவாச்சாரி வீட்டுக்கு நான் வந்து வந்து போன நாட்கள். தலைமுடி எல்லாம் கொட்டி, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போக முடியவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று அந்தப் பேச்சை எடுத்தாய்.

"அன்னிக்கு மறக்கலடி. உன் மூஞ்சிய பாத்து சொல்ல எனக்கு வாய் வர்ல. நீ எப்டியும் அந்த மெஷின்லதான் வந்து உட்காருவ. அதான் அங்க வெச்சிட்டு வந்தேன்."

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். இத்தனை வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளுக்கு ஒரு இயந்திரத்திடம் சொல்லி அனுப்புவாயா என்று கேட்டேன். நோயாளி என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். தனியாக உட்கார்ந்து அதைப் படித்த எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ நினைத்தே பார்க்கவில்லை என்றேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். உன் விரல் அவ்வளவு சூடாக இருந்தது.

"தப்புதான். யாருக்கும் அப்டி தெரிய வரக்கூடாது" என்றாய்.

அடுத்த கோடை விடுமுறை முடிவதற்குள் நீ போய்விட்டாய். பள்ளி திறந்தபோது உன் இடத்துக்கு வேறு டீச்சர் வந்தார். நல்ல பிள்ளைதான். நூலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது முழுக்க என் பொறுப்பாகிவிட்டது. சட்டத்தை நான் விடவில்லை. சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உறை போட்டு மூடுகிறேன். வாசலில் நின்று முணுமுணுக்கத்தான் ஆள் இல்லை.

இந்த வருடம் நூலகத்தை நவீனமாக்குகிறோம் என்று நிர்வாகத்தில் ஒரு மென்பொருள் வாங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண், தனிக் கடவுச்சொல். பிள்ளை எந்தப் புத்தகம் எடுத்தாள் என்று பெற்றோரின் போனுக்கு உடனே செய்தி போகும் என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். நிறுவ வந்த ஆள் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டுப் போனார். புத்தகம் மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீ இருந்திருந்தால் அந்த ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது எது எங்கே போகும் என்று கேட்டு அவரைப் பேஜார் ஆக்கியிருப்பாய்.

நேற்று, அது ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, பதினொன்றாம் வகுப்பு ரேவதி வந்தாள். அமைதியான பிள்ளை. மூன்றாவது கணினியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, நாம் சொல்லிக்கொடுத்தபடியே அழித்தாள், எழுந்தாள், நாற்காலியை உள்ளே தள்ளினாள். பார்க்கவே நன்றாக இருந்தது. அவள் போன பிறகு என் மேசைக் கணினியில் ஒரு வரி வந்து நின்றது. அனுப்பப்பட்டது என்று பச்சை எழுத்து. அதன் கீழே, தங்கள் மகள் இன்று நூலகக் கணினியில் தேடியது: 'அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எவ்வளவு நாள் இருப்பார்கள்'.

அவள் அழித்தது இங்கே மட்டும்தான் அழிந்திருக்கிறது. புதிய ஏற்பாடு வேறு எங்கோ எழுதி வைத்துக்கொண்டு அங்கிருந்து அனுப்பிவிட்டது. ஆளனுப்பி ரேவதியைக் கூப்பிட்டேன். செய்தி யாருடைய எண்ணுக்குப் போகும் என்று கேட்டேன்.

"அம்மா நம்பர் மிஸ்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு தெரியாது மிஸ்."

அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் கொழுப்புக் கட்டி, சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தெரிந்தால் தாங்கமாட்டாள், ஆபரேஷனுக்கே வரமாட்டாள் என்று அப்பாவுக்குப் பயம். வீட்டில் அழ முடியாத பிள்ளை, நூலகத்தில் வந்து கேட்டிருக்கிறாள்.

அம்மா ஹைவேயை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். புது மாடல்களைப் படம் எடுத்துவிடுவார்கள் என்று அங்கே யாரையும் போனோடு உள்ளே விடுவதில்லை. காலையில் கேட்டில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சங்கு ஊதிய பிறகுதான் வாங்க முடியும். இது உனக்கும் தெரியும், நம் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆக, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் யாரும் இன்னும் படிக்கவில்லை. சங்கு ஊதும் வரை அது கேட்டில் காத்துக்கொண்டிருக்கும்.

மென்பொருள்காரர்களுக்குப் போன் செய்தேன். போன செய்தியைத் திரும்ப வாங்க முடியாது என்றார்கள். தலைமையாசிரியை, போனது போயாச்சு, அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் பேசுங்கள் என்று அனுமதி மட்டும் கொடுத்தார். அப்பா லாரி டிரைவர். தோல் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். ராணிப்பேட்டையைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். "எப்டியாவது அந்த போன வாங்கி அழிச்சிடுங்க மிஸ். உங்க கால்ல விழறேன்" என்றார்.

ரேவதியை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பிரியாணிக் கடைகள், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் தாண்டிப் போனது ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்தப் பிள்ளை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் என்னை நம்பி வருகிறாள், நான் யாரை நம்பிப் போகிறேன் என்று தெரியாமல் போனேன். உன்னை நினைத்துக்கொண்டேன். நீ இருந்தால் நீயும் பயந்திருப்பாய், ஆனால் பயந்துகொண்டே ஏதாவது செய்திருப்பாய்.

வாட்ச்மேன் கெஞ்சலுக்கு மசியவில்லை. "யார் போனோ அவங்க கைலதான் குடுப்பேன் டீச்சர். டோக்கன் இல்லாம தொட்டா என் வேல பூடும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு போன். அவ்வப்போது ஏதோ ஒரு பைக்குள் வெளிச்சம் வந்து அணைந்தது. எது அவள் அம்மாவுடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை வெளிச்சம் வந்தபோதும் ரேவதி என் கையை இறுக்கினாள். நான் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது, அந்த 'ம' எழுத்துக்குப் பிறகு நேற்றுதான்.

"அம்மா வாங்கினதும் நான் புடுங்கி அழிச்சிடட்டா மிஸ்?" என்று கேட்டாள்.

சரி என்று சொல்லியிருக்கலாம். அவள் அப்பா கேட்டதும் அதைத்தான். என் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் உன் சூடான விரல் என் மணிக்கட்டில் இருந்தது. அழித்தால் இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பலகையையோ ஒரு சீட்டையோ அம்மா தனியாக நின்று படிப்பார் என்று அவளிடம் சொன்னேன். "இல்லனா நீயே சொல்லிடு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். ரெண்டுல எதுன்னாலும் சரி, உன் இஷ்டம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே உறுதியில்லை. ஒரு குடும்பத்தின் விஷயத்தில் தலையிட நான் யார்? அந்த அம்மா அங்கேயே விழுந்துவிட்டால்? ரேவதி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது.

நீலக் கோட்டு போட்ட பெண்கள் கூட்டமாக வந்து, வரிசையில் நின்று, டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ரேவதியின் அம்மா பக்கத்தில் வந்தவளோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார். போன் கையில் இருந்தது, இன்னும் பார்க்கவில்லை. யூனிபாரத்தோடு மகளையும் பக்கத்தில் என்னையும் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னா ஆச்சி? இன்னாத்துக்கு மிஸ்ஸு வந்துகீறாங்க?"

ரேவதி போன் இருந்த கையை அப்படியே தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். பிடுங்கப்போகிறாள் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. அம்மாவின் காதருகே போய்ச் சொன்னாள். கம்பெனி பஸ்கள் கிளம்புகிற சத்தத்தில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மெதுவாக மாறியது.

"அப்பாவுக்கு தெரியுமா?"

"ம்."

"ரெண்டு பேரும் இத்தினி நாளா எனக்குத் தெரியாம வெச்சினு அழுதினு இருந்தீங்களா?"

கோட்டுக் கையாலேயே மகளின் முகத்தைத் துடைத்தார். பிறகு அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். போனைப் பார்க்காமலே சாப்பாட்டுப் பைக்குள் போட்டார். நான் மறுபக்கம் உட்கார்ந்தேன். அந்தக் கோட்டில் பசையும் தோலும் கலந்த வாசனை, நம் உறையின் வாசனை. அழுது ஓய்ந்த பிறகு என் பக்கம் திரும்பி, "பொழைப்பனா மிஸ்?" என்று கேட்டார்.

நீயும் என்னை ஒருமுறை அப்படிக் கேட்டாய், அன்றைக்கு நான் பிழைப்பாய் என்று சொன்னேன். நேற்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா, நான் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

இன்று காலை அவள் அப்பா போன் செய்தார். நான் அவர் சொன்னதைச் செய்யவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். "சரி மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபமா, ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் நான் ஒரு காரியம் செய்தேன். நூலகக் கணினிகளுக்கு வருகிற இணைய கேபிளைப் பிடுங்கினேன். பிள்ளைகள் தேடுவதை வெளியே அனுப்புவதை நிறுத்தினால்தான் மறுபடியும் மாட்டுவேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாளைக்கு நிர்வாகக் கூட்டம் இருக்கிறது, நேரில் வந்து தாளாளருக்குப் பதில் சொல்லுங்கள் என்றார். என் வேலை அரசு வேலை இல்லை, நிர்வாகம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மகளுக்கு இன்னும் காலேஜ் முடியவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இன்றைக்கு யாரும் எதையும் தேடவில்லை. அழிப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு உறையைப் போட்டு மூடினேன். விரல்களில் தோல் வாசனை இருக்கிறது. தாளாளர் ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று மதியத்திலிருந்து வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்தேன். கொள்கை, உரிமை என்றெல்லாம் எனக்குப் பேச வராது. மேகம் கறுத்தால் நீ எதற்காக ஓடி வருவாயோ, அதையேதான் சொல்லப்போகிறேன். எனக்குப் பயமாக இருந்தது சார், அதனால் பிடுங்கினேன். நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தப் பயம்தான், அதை எடுத்துக்கொண்டுதான் நாளைக்கு அந்த அறைக்குள் போகிறேன்.